படங்கைக் கண்டால் குரைக்கும் நாய்

இப்போது நான் இருக்கிற தெருவில் யாராவது நாயோடு நடந்து போனால், எதிரே வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி "என்ன ஜாதி?" என்பதுதான். லேப்ரடோர் என்றால் ஒரு முகம், ராட்வைலர் என்றால் ஒரு முகம், சும்மா நாய்தான் என்றால் இன்னொரு முகம். எனக்குச் சிரிப்பாக வரும். நாய் ஜாதியைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த நான், ஆங்கில எழுத்தைக் கற்றுக்கொள்ளும் முன்னாலேயே அல்சேஷன், டாஷ்ஹண்ட், பொமரேனியன் என்று ஒப்பிப்பேன். எல்லாம் அப்பாவின் புண்ணியம்.

இலங்கையில், புளத்கொகுபிட்டியவிலிருந்து ருவான்வெல்லைக்குப் போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேலே ஏறினால் எங்கள் தோட்டம். அப்பா பேருக்குப் பங்களாவின் தோட்டக்காரர். செய்ததெல்லாம் நாய் பார்க்கிற வேலை. காலையில் நாய்களை நடக்கக் கூட்டிப்போவது, குளிப்பாட்டுவது, பங்களாவின் பின்கட்டில் தனி அடுப்பு மூட்டி மாட்டெலும்பும் சோறும் போட்டு அவற்றுக்குச் சமைப்பது. அந்தச் சோற்றின் வாசம் அப்பாவின் சட்டையில் வீட்டுக்கு வரும். நாங்கள் பருப்பும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டு அதை மோந்து பார்ப்போம்.

பெரிய துரை என்று நாங்கள் சொல்கிற தோட்ட மேனேஜரின் நாய் அல்சேஷன். முதுகு கறுப்பு, கால்கள் தேன் நிறம், காதுகள் எந்நேரமும் நிமிர்ந்தே நிற்கும். டாஷ்ஹண்டை நாங்கள் 'பெஞ்சு நாய்' என்போம். பெருச்சாளி வளைக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே எடுக்கத் தெரியாமல் அது கத்தும்; அப்பா போய்ப் பின்னாலிருந்து இழுத்து எடுக்க வேண்டும். பொமரேனியன் அவர் மனைவி துரைசாணியின் செல்லம். மழைக்காலத்தில் அதன் முடிக்குள் அட்டைகள் புகுந்துவிடும். அப்பா அதை மடியில் போட்டுக்கொண்டு, முடியைப் பிரித்துப் பிரித்து, சவர்க்காரம் தடவி ஒவ்வொரு அட்டையாக எடுப்பார். பிறகு சீப்பால் வாரிவிடுவார்.

"ஒங்கப்பாவுக்கு நாயிக்குத் தலை சீவத் தெரியுது, பெத்த புள்ளைக்குச் சீவத் தெரியல," என்று அம்மா என் தலையைப் பிடித்து இழுத்துப் பின்னிக்கொண்டே சொல்வாள். "சீவிக்கிட்டு வந்தா துரைசாணி மடியில தூக்கி வச்சுக்குவாங்களா என்னா?" என்று கேட்டு ஒரு குட்டும் வைப்பாள். அப்பா சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

அம்மா பால் வெட்டுகிறவள். விடியும் முன் பிரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்து, மலையில் மரம் மரமாகக் கீறி, சிரட்டையில் வடியும் ரப்பர் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு பால் அளக்கிற ஸ்டோருக்கு இறங்குவாள். சேலைக்கு மேலே இடுப்பில் ஒரு சாக்குத் துண்டை இறுக்கிக் கட்டியிருப்பாள். அதைத்தான் படங்கு என்போம். ரப்பர் பால் சேலையில் ஒட்டினால் அந்தச் சேலை அவ்வளவுதான், எந்தச் சோப்புக்கும் அசையாது. அதனால் படங்கு இல்லாமல் எந்தப் பெண்ணும் மலைக்குப் போகமாட்டாள். பால் காய்ந்து காய்ந்து அது தகரம் மாதிரி விறைத்திருக்கும். ஒட்டுப்பால் நாற்றம் வேறு. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாற்றம். எனக்கு அது அம்மா வருகிற வாசம்.

எங்களுக்கும் ஒரு நாய் இருந்தது. யாரும் கொண்டுவரவில்லை, தானாகவே வந்தது. நிறத்தை வைத்துச் செவலை என்று சொல்லிச் சொல்லியே அது செவலையாகிவிட்டது. என்ன ஜாதி என்று அப்பாவிடம் கேட்டால், "லயத்து ஜாதி" என்பார். அம்மா போகிற மலைக்கெல்லாம் அது போகும். அம்மா மரத்துக்கு மரம் நகர, அதுவும் நகர்ந்து நகர்ந்து உட்காரும். ரொட்டியில் பாதி அதற்கு.

பங்களாவுக்கு லயத்து நாய் போகக்கூடாது, லயத்துக்குப் பங்களா நாய் வரக்கூடாது. இது எழுதாத சட்டம். மனிதர்கள் மட்டும் சில நேரம் மேலே போக வேண்டியிருக்கும். லீவு கேட்க, கூரைத் தகரம் கேட்க, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்க. பங்களாக் கேட்டருகே போனதும் அல்சேஷன் பாய்ந்து வரும். அதன் குரைப்பு வயிற்றுக்குள் கேட்கும். பெண்கள் பின்வாங்கி, தண்ணீர் ஓடுகிற பாதையோரக் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். அதே கேட் வழியாகப் பள்ளிக்கூட வாத்தியார் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனால், அது காலை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். இதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "ஜாதி நாயி இல்லியா, ஆளோட தரம் தெரியும்," என்று எங்கள் லயத்து ஆட்களே பெருமையாகப் பேசுவார்கள். யாருக்கும் கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை. எனக்கும் வரவில்லை. நாயின் அறிவை நினைத்து ஆச்சரியம்தான் பட்டேன்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது பெரிய துரைக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. அங்கே மாடி வீடாம். பொமரேனியன் துரைசாணியின் மடியில் ஏறிக் காரில் போய்விட்டது. பெஞ்சு நாயை ஸ்டோர் ஐயா கேட்டு வாங்கிக்கொண்டார். அல்சேஷனுக்கு வயதாகிப் பின்னங்கால்கள் இழுக்க ஆரம்பித்திருந்தன. அதை என்ன செய்வது என்று அப்பா கேட்டாராம். துரை கொஞ்ச நேரம் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, காவற்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னாராம். காவற்காரரிடம் இருந்தது ஒரே ஒரு பொருள், காட்டுப்பன்றி சுடுகிற துவக்கு.

அன்று பின்னேரம் அப்பா கயிற்றில் கட்டி அதை லயத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வாழ்நாளில் அப்படி ஒரு ஊர்வலம் பார்த்ததில்லை. லயத்துக் கோழிகள் கூரைமேல் பறக்க, செவலை விறகுக் கட்டைக்குப் பின்னால் ஒளிய, சின்னப் பிள்ளைகள் எல்லாம் காம்பராவுக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொண்டு சந்து வழியாகப் பார்த்தார்கள். எங்கள் காம்பரா ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. அந்த இஸ்தோப்பின் பாதியை அல்சேஷன் படுத்தே நிரப்பிவிட்டது.

"சிட்," என்றார் அப்பா. அது உட்கார்ந்தது. பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

"மாமா, இன்னொருக்கா சொல்லுங்க மாமா!"

"டவுன்," என்றார் அப்பா. அது படுத்தது. கைதட்டல். அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த நேரம் பார்த்து அம்மா வேலை முடிந்து, வாளியும் கையுமாகப் படியேறி வந்தாள்.

நாய் எழுந்த வேகத்தில் கயிறு அப்பாவின் கையை அறுத்துவிட்டது. பல்லெல்லாம் வெளியே. அம்மா வாளியை முன்னால் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அப்பா கத்துகிறார், நாய் கேட்கவில்லை. கடைசியில் அதைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போன பிறகுதான் அம்மாவால் தன் வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

"ஆத்தாடி," என்றாள் அம்மா. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை கொல்லைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் இதே கூத்துதான். மற்ற நேரங்களில் அது சாது. என் புத்தகத்தின் பக்கத்தில் படுத்துத் தூங்கும். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக் கடை முதலாளி ஈரப்பலாக்காய் கொண்டு வந்தபோது வாலை ஆட்டியது. அவர், "அனே, ஹரி லஸ்ஸன பல்லெக்," என்று அதன் அழகைச் சிங்களத்தில் புகழ்ந்து, கழுத்தைச் சொறிந்துவிட்டுப் போனார். ஆனால் மத்தியானம் கழிந்து லயத்துப் பெண்கள் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்தால் போதும். ஒவ்வொருத்தியையும் பார்த்து, கயிறு அறுந்துவிடும்போல் குதிக்கும். பக்கத்துக் காம்பரா அக்காவின் மகள் பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் பயந்து படியில் சறுக்கி விழப் பார்த்தாள். தலைவர் வந்துவிட்டார். லயத்தில் சண்டை சச்சரவு என்றால் அவர்தான் நீதிபதி.

"இந்தா பாரு தம்பி," என்றார் அப்பாவிடம். "தேர் வரப் போவுது. லயத்துக்கு லயம் சாமி வரும், பொம்பளைங்க புள்ளைங்க வரும். அதுக்குள்ள இந்தக் கொரைப்பு நிக்கணும். இல்லாட்டி நானே காவக்காரனைக் கூட்டியாறேன்."

அப்பா தலையை ஆட்டினார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. குட்டியிலிருந்து அவர் கையில் வளர்ந்த நாய். அதற்குக் காய்ச்சல் வந்தபோது பங்களாவின் பின்கட்டில் அதன் பக்கத்திலேயே படுத்திருந்த மனிதர். எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்து அம்மாவிடம் சொன்னார் பாருங்கள், அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இந்தா புள்ள, நீ ஸ்டோர்லயே படங்கை அவுத்து வச்சிட்டு, வேற சீலை கட்டிக்கிட்டு வந்தா என்னா? மத்தவங்ககிட்டயும் சொல்லிப் பாப்பமே. அது கொரைக்காது."

அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள்.

"என்னா சொன்னீங்க?"

"இல்ல, கொஞ்ச நாளைக்கு…"

"நாயி கொரைக்குதுன்னு நான் உடுப்பு மாத்தணுமா? ஏங்க, இது என் வீடுங்க! வேலைக்குப் போய்ட்டு வாறவ வேலை உடுப்போட என் வாசப்படி மிதிக்கக்கூடாதா? துரை வீட்டு நாயிக்குப் புடிச்ச மாதிரிப் பூசிக்கிட்டு வரணுமோ? நல்லா இருக்குதுங்க நாயம்!"

ரொட்டி கருகியது. யாரும் எடுக்கவில்லை.

ஆனால் அம்மா சும்மா கத்திவிட்டு விடுகிற ஆளில்லை. படங்கை அவிழ்த்தால் அது குரைக்காது என்று அப்பா சொன்னது அவள் மனதில் தைத்திருக்க வேண்டும். மறுநாள் வேலை விட்டு வந்தவள், நாய் எட்ட முடியாத தூரத்தில் நின்றாள். அது குரைத்துத் தள்ளியது. அம்மா மெதுவாகப் படங்கை அவிழ்த்துப் பின்னால் போட்டாள். குரைப்பு நின்றது. திரும்ப எடுத்துக் கட்டினாள். மறுபடியும் பல்லைக் காட்டியது. அவிழ்த்தாள், அமைதி. வாளி அல்ல, சேலை அல்ல, முகம் அல்ல. அந்தச் சாக்குதான்.

அப்பா படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாயிக்கு எப்பிடிங்க சாக்கு தெரியும்?" என்றாள் அம்மா. குரல் மிகவும் தணிந்திருந்தது. அம்மா கத்தினால் பயமில்லை, குரல் தணிந்தால்தான் பயம்.

அப்பா சொல்லிவிட்டார். நாய் குட்டியாக இருக்கும்போது துரை சொன்னாராம், ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் பங்களா வாசலுக்கு வந்து நிற்கிறார்கள், நாய் அதைத் தடுக்கப் பழக வேண்டும் என்று. அப்பா ஒரு கம்பில் சாக்கைக் கட்டி, அதன் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டி, அந்தக் கம்பாலேயே அடித்து, தினமும் பழக்கியிருக்கிறார். குரைத்தால் இறைச்சித் துண்டு. அது கெட்டிக்கார நாய். சீக்கிரம் படித்துக்கொண்டது.

"எந்தச் சாக்கு?"

அப்பா படியிலிருந்து எழப் பார்த்தார்.

"கொடியில காயப்போட்டு ஒருநாள் காணாமப் போச்சே. அதா?"

"புதுசு எடுத்தா அந்த வாசம் வராதுன்னு…" என்றார் அப்பா. பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அந்தப் படங்கைத் தேடி அம்மா லயம் முழுக்க அலைந்தது எனக்குத் தெரியும். பக்கத்துக் காம்பரா அக்காதான் எடுத்திருப்பாள் என்று வாய் வார்த்தை முற்றி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்று போயிருந்தது. ஒரே சுவர், தண்ணீருக்கு ஒரே பீலி, பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். அத்தனை வருஷம்.

அம்மா அழவில்லை, திட்டவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து சமைத்தாள். அப்பாவுக்குத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். "இந்தாங்க" என்ற வார்த்தைகூட இல்லை. அப்பாவை எனக்கும் பிடிக்காமல் போயிற்று. உலகத்தில் எத்தனையோ சாக்கு இருக்க, கட்டின பெண்சாதியின் இடுப்பில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய் நாய்க்குக் காட்டி, இதைக் கண்டால் கடி என்று ஒரு மனிதர் பழக்குவாரா? கேட்டால், துரை சொன்னார். துரை சொன்னால் சரியா? என் மனம் கொதித்தது. ஆனாலும் பாவம், அந்த மனிதர் இஸ்தோப்பு மூலையில் குறுகி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் முடியவில்லை.

நாயைக் காவற்காரரிடம் கொடுக்கச் சொல்லப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். சொன்னால் அப்பா மறுவார்த்தை பேசியிருக்கமாட்டார்.

அம்மா முதலில் பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள். வாசலில் நின்றாள்.

"அக்கா."

உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

"அக்கா, அந்தப் படங்கு எங்க வீட்டு ஆளு எடுத்ததுக்கா. ஒங்களச் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க."

பாத்திரத்தைப் போட்டுவிட்டு அந்த அக்கா வெளியே வந்தார். "இப்பத்தான் கண்டுபுடிச்சியா? கருமம் புடிச்சவளே, உள்ள வா," என்றார். இரண்டு பேரும் உள்ளே போய் ஒப்பாரி மாதிரி அழுதார்கள். வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

பிறகு அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"இன்னையிலிருந்து நீங்க அதுக்குச் சோறு வைக்கக்கூடாது. நான் வைப்பேன்."

"புள்ள, ஒன்னைக் கடிச்சிருச்சுன்னா…"

"அது என்னா செய்யும் பாவம். சொல்லிக் குடுத்ததப் படிச்சுது. இனி நான் சொல்லிக் குடுக்குறேன்."

தன் பழைய படங்கைக் கழுவாமல் கொள்ளாமல் கொண்டுவந்து அது படுக்கிற இடத்தில் விரித்தாள். நாய் அதைக் கண்டு குரைத்தது, உறுமியது, பல்லால் இழுத்துக் கிழித்தது. கடைசியில் கயிறு போகிற எல்லை வரை தள்ளிப்போய் வெறும் சீமெந்தில் படுத்தது. அம்மா வேலை உடுப்போடு, கட்டிய படங்கோடு, எட்டாத தூரத்தில் உட்கார்ந்து தன் சோற்றைச் சாப்பிட்டாள். அதன் தட்டை நடுவில் தள்ளி வைத்தாள். நாய் சாப்பிடவில்லை. பங்களாவில் இறைச்சி தின்ற நாய்க்குப் பருப்புச் சோறே ஒரு அவமானம், அதுவும் படங்கு கட்டியவள் கையால்.

மறுநாளும் அது தட்டைத் தொடவில்லை. தட்டில் ஈ மொய்க்கும், செவலை கள்ளத்தனமாக வந்து தின்றுவிட்டுப் போகும். அல்சேஷனுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. குரைப்பில் சத்தம் குறைந்தது, பகை குறையவில்லை. தூரத்து லயங்களில் தேருக்குத் தப்பு அடித்துப் பழகுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தேருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவேன்.

"செத்துரும் புள்ள," என்றார் அப்பா. கெஞ்சினார். "ஒரே ஒரு வேளை நான் வைக்கிறேனே."

"ஒங்களுக்குத்தான் அது உசுருன்னு நெனைக்காதீங்க," என்றாள் அம்மா. கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நாய் மெலிய மெலிய அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். இரண்டு பிடிவாதக்காரிகளை ஒரே வீட்டில் கட்டிப்போட்டது மாதிரி இருந்தது. நாய் ஆண் நாய், அது வேறு விஷயம்.

பிறகு ஒரு நாள் மத்தியானத்தோடு மழை பிடித்துக்கொண்டது. கேகாலைப் பக்கத்து மழைக்கு ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது. வெட்டிய பாலில் பாதி சிரட்டையிலேயே மழைத் தண்ணீரோடு வழிந்து போய், அம்மா தொப்பலாக நனைந்து, அட்டை கடித்த காலில் இரத்தம் ஒழுக வந்தாள். உடுப்பு மாற்றவும் தெம்பில்லை. நாய்க்குச் சோற்றைப் பிசைந்து தட்டை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனவள், அன்றைக்கு அசதியில் தூரம் பார்க்கவில்லை. அதன் கயிறு எட்டுகிற இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்தபடி அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

நானும் அப்பாவும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு அடி வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். கூப்பிட்டால் நாய் மிரண்டு பாயும்.

அது எழுந்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தது. உறுமல் தொண்டைக்குள்ளேயே இருந்தது. படங்கின் ஓரத்தை மோந்தது. அம்மாவின் காலை மோந்தது, இரத்தம் வழிந்த இடத்தை நக்கியது. பிறகு பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டுவிட்டு, அவள் மடியிலிருந்த தட்டில் வாயை வைத்தது. தகரத் தட்டுச் சத்தத்தில் அம்மா விழித்துக்கொண்டாள். அசையவில்லை. அது தின்று முடிக்கும்வரை கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்துகொண்டே இருந்தது.

"மெதுவா தின்னுடா, விக்கிக்கும்," என்றாள்.

அப்பா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அம்மா லயத்துப் பெண்களை விடவில்லை. "படங்கை அவுக்காம வாங்கடி!" என்று கூப்பிட்டு, ஆளுக்கொரு ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்து அதற்குப் போட வைத்தாள். பக்கத்துக் காம்பரா அக்காதான் முதலில் வந்தார். "கடிச்சுப்பாரு, ஒன்னைய நான் கடிப்பேன்," என்று நாயிடம் சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ரொட்டியை நீட்டினார். அது பவ்வியமாக வாங்கிக்கொண்டது. "அடேயப்பா, என்னா மரியாதை!" என்றார். தேர் எங்கள் லயத்துக்கு வந்தபோது அது தப்புச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கி ஊளையிட்டது, அவ்வளவுதான். தலைவர் பார்த்தார். விபூதி பூசின கையால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார்.

அந்த வருஷங்களில் எங்கள் வீடு எவ்வளவு கலகலப்பாக இருந்தது! அம்மா மலைக்குப் போனால் முன்னால் செவலை ஓடும், பின்னால் அல்சேஷன் நொண்டிக்கொண்டு போகும். செவலை குட்டி போட்டபோது ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. பக்கத்துக் கிராமத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்து குட்டி கேட்டார்கள். அப்பா எல்லோரிடமும், "அல்சேஷன் கிராஸ்," என்று பெருமையாகச் சொல்வார். "லயத்துக் கிராஸ்னு சொல்லுங்க," என்பாள் அம்மா. அவர்களுக்குள் பேச்சு வந்திருந்தது. ஆனாலும் அப்பா அந்தப் பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு வீட்டிலிருந்த சமயம், ஒருநாள் மத்தியானம் லயத்துக்குள் ஜீப் வந்தது. லயத்துக்குள் ஜீப் வந்தால் யாருக்கோ சாவு அல்லது யாருக்கோ வேலை போயிற்று என்று அர்த்தம். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். இறங்கியது எங்கள் பழைய பெரிய துரை. தலை நரைத்திருந்தது. கூடவே துரைசாணி. கொழும்பு வேலை சரிவரவில்லை, அடுத்த பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கே பெரிய துரையாக வந்திருக்கிறாராம். நாய் உயிரோடு இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அல்சேஷன் போட்ட சத்தம் இருக்கிறதே, சின்னக் குழந்தை அழுத மாதிரி. இழுக்கிற கால்களோடு ஓடிப்போய் அவர் மேலே விழுந்தது. துரை மண்ணில் மண்டியிட்டுவிட்டார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அந்த மனிதரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்குத்தான் வலித்தது.

"நான் கொண்டு போறது," என்றார் துரை தன் தமிழில். "அங்கே பங்களா பெரிசு. சும்மா வாசல்ல படுத்து இருந்தா போதும். ஆள் வந்தா சத்தம் போடும்தானே."

"சரிங்க தொரை," என்று அப்பாவின் வாய் சொல்லிவிட்டது. அந்த வாய்க்கு வேறு வார்த்தை பழக்கமில்லை. உள்ளே போய்க் கயிறு எடுத்துக்கொண்டு வந்தார். அதை நாயின் கழுத்தில் போடாமல் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். இடுப்பில் படங்கு, கையில் கழுவாத பால் வாளி. லயத்துப் பெண்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வாளியைக் கீழே வைத்தாள். துரைக்கு முன்னால் அம்மா வாய் திறந்து நான் கண்டதே இல்லை.

"தொரை, கூட்டிக்கிட்டுப் போங்க. வளர்த்தவங்க நீங்க," என்றாள். "ஆனா ஒன்னு சொல்லிப்புடறேங்க. அது இப்ப எங்களக் கண்டா கொரைக்காதுங்க. ஒங்க பங்களாவுக்கு ஒதவாது."

துரை அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் இடுப்பிலிருந்த சாக்கைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. அது கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. துரைசாணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை அப்பாவின் பக்கம் திரும்பினார், இந்த மனுசி என்ன சொல்கிறாள் என்று கேட்பதுபோல.

அப்பா எப்போதும் துரைமாருக்கு முன்னால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அன்று தலையைத் தூக்கியிருந்தார்.

"ஆமாங்க தொரை," என்றார். "நான் பழக்குனது தப்புங்க. அத இவ மாத்திட்டா."

துரை எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். நாயின் தலையை நீண்ட நேரம் தடவினார். அதை விட்டுவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினார். நாய் வளைவு வரைக்கும் ஜீப்பின் பின்னாலேயே ஓடியது. அங்கே நின்று பார்த்துவிட்டு, மூச்சு வாங்க நொண்டி நொண்டித் திரும்பி வந்தது. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, அவளுடைய பால் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். பெண்கள் வரிசையில் நின்று, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதைக் கழுவினார்.